பஞ்சுக்கோரையும் கொச்சிக் கோரைகளும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில், அங்காடி என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ள பழைய பகுதி கொச்சங்காடி. வீடுகளும் கிடங்குகளும் நெருங்கியுள்ள இவ்விடத்தில் தாவரப் பாடத்திற்கு வேண்டிய பொருள் கிடைக்குமா என்று ஆசிரியர் ஐயுறலாம். ஆயினும் வாய்க்கால் ஓரத்திலும், மழைநீர் தேங்கும் வெற்றிடத்திலும், சுவரடியிலும் முளைத்திருக்கும் கோரைகளைக் கொண்டே தாவர இயலின் முக்கியமான ஒரு பாடத்தை நடத்திவிடலாம். வெளித்தோற்றத்தில் ஒத்தவை யாவும் உறவுடையவை அல்ல. தோற்றத்தில் வேறுபட்டவை உறவினவாக இருத்தலும் கூடும் என்பதே அப்பாடம். அதனை விளக்குவதற்கு மிகவும் ஏற்றது, வட துருவத்தை நோக்கிய குளிர்நாடுகளின் சதுப்புகளில் வளரும் பஞ்சுக்கோரை என்னும் செடியாகும்.

பஞ்சுக்கோரை கொச்சியில் வளர்வதில்லை. தென்னிந்தியாவில் எங்குமே அது இயற்கையாகக் காணப்படுவதில்லை. எனினும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் கொச்சியின் நீர்நிலங்களில் நிறைந்துள்ளன. அயல்நாட்டுச் செடியின் அமைப்பை அறிந்துகொண்டு உள்ளூர்ச் செடியை நோக்கினால், அன்றாடம் மிதித்துச் செல்லும் கோரையின் நுட்பங்கள் தெளிவாகப் புலப்படும்.

பெயரும் குடும்பமும்

பஞ்சுக்கோரையின் பேரினத்திற்கு எரியோஃபோரம் என்று பெயர். கிரேக்க மொழியில் ‘எரியோன்’ என்பது கம்பளி மயிரையும், ‘ஃபோரோஸ்’ என்பது தாங்குவதையும் குறிக்கும். எனவே ‘கம்பளி தாங்கி’ என்பது இப்பெயரின் பொருள். ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்பீஷீஸ் பிளாண்டேரம்’ என்னும் நூலில் இப்பேரினம் இடம்பெற்றது.

அதே நூலில்தான் நம் நெல்வயல்களில் சாதாரணமாகக் காணப்படும் ‘சைப்பிரஸ் ஐரியா’ என்ற கோரையும் பெயர் பெற்றது. அப்பெயரின் பின்பகுதி மலபாரிலிருந்து சென்ற சொல்லாகும். கொச்சியில் டச்சு நிர்வாகத்தின் தலைவராக இருந்த ஹென்றிக் வான் ரீடு, 1670-களில் மலபார்த் தாவரங்களைத் தொகுப்பிக்கத் தொடங்கினார். இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் அவருக்குத் துணை நின்றனர். அம்முயற்சியின் பயனாக ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சாயிற்று. எழுநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களைப் படத்துடன் விளக்கும் அந்நூலின் கடைசித் தொகுதியில் புற்களும் கோரைகளும் உள்ளன. லின்னேயஸ் அந்நூலின் படங்களையும் பெயர்களையும் பயன்படுத்திக்கொண்டார். இவ்வாறு, வடநாட்டுச் சதுப்பின் பஞ்சுக்கோரையும் மலபார் வயலின் கோரையும் ஒரே நூலின் வாயிலாக அறிவியலில் இடம்பெற்றன.

இவ்விரண்டும் சைப்பரேசி எனப்படும் கோரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் உலகெங்கும் சுமார் 5,500 இனங்கள் உள்ளன.

கோரை புல் அன்று

பொதுவழக்கில் கோரையையும் புல் என்றே சொல்லுகிறோம். திருச்சூர் மாவட்டம் கிள்ளிமங்கலத்தில் கோரைத் தண்டினால் நெய்யப்படும் பாய்க்குப் ‘புல்பாய்’ என்றே பெயர். தமிழ்நாட்டில் பத்தமடைப் பாய்க்கு உதவுவதும் கோரையே. பேச்சுவழக்கில் இப்பெயரால் தீங்கில்லை; வயலில் களையை இனங்காணும்போது மட்டும் புல்லையும் கோரையையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு, கணுக்களுக்கு இடையே உள்ளீடற்று இருக்கும். கணுக்கள் புடைத்துத் தெளிவாகத் தெரியும். கோரையின் தண்டு பெரும்பாலும் மூன்று பட்டைகளுடன் உள்ளே திண்மையாக இருக்கும். அடிப்பகுதிக்கு மேல் கணுக்கள் புலப்படுவதில்லை. புல்லின் இலைகள் இரண்டு வரிசையாகவும், கோரையின் இலைகள் மூன்று வரிசையாகவும் அமையும். புல்லின் இலையுறை ஒரு பக்கம் பிளந்து தண்டைச் சுற்றியிருக்கும். கோரையின் இலையுறை மூடிய குழாய் போன்றது. புல்லில் இலையும் உறையும் சேருமிடத்தில் நாக்குப் போன்ற ஒரு சவ்வு உண்டு. கோரையில் அது பெரும்பாலும் இல்லை அல்லது தெளிவாக இராது. புல்லின் ஒவ்வொரு சிறுமலரையும் இரண்டு செதில்கள் பொதிந்திருக்கும். கோரையில் ஒரு செதிலின் கக்கத்தில் ஒரு மலர் அமரும்.

இக்குறிகளுள் ஒன்றை மட்டும் நம்பி முடிவு கூறலாகாது. எலியோகாரிஸ் என்னும் கோரையின் தண்டு உருண்டது. அதில் இலைப்பரப்பே இல்லை. எனவே குறைந்தது மூன்று குறிகளையாவது சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

பஞ்சுக்கோரையின் உடலமைப்பு

பஞ்சுக்கோரை பல்லாண்டு வாழும் செடி. அதன் இனங்களுள் இரண்டு நன்கு அறியப்பட்டவை. எரியோஃபோரம் அங்குஸ்டிஃபோலியம் என்பது மண்ணுக்குள் படரும் கிடைத்தண்டினால் பரவும். அதன் பூந்தண்டின் நுனியில் சில சிறுகதிர்கள் காம்புடன் தொங்கும். எரியோஃபோரம் வஜினேட்டம் என்பது அடர்ந்த தூராக வளர்ந்து, தரையில் மேடுமேடாகத் தோன்றும். அதன் ஒவ்வொரு பூந்தண்டிலும் நிமிர்ந்த சிறுகதிர் ஒன்றே உண்டு.

மலர் மிகச் சிறியது; அதில் வண்ண இதழ்கள் இல்லை. மூன்று மகரந்தத் தாள்களும், மூன்றாகப் பிரிந்த சூல்முடியும் உள்ளன. மகரந்தச் சேர்க்கை காற்றினால் நடைபெறுகிறது. சூலகத்தின் அடியைச் சுற்றி எண்ணற்ற மெல்லிழைகள் இருக்கும். மலரும் காலத்தில் இவை செதில்களுக்குள் மறைந்திருக்கும். சூல் கருவுற்றபின் நீண்டு வளர்ந்து, 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை வெண்பட்டுப் போல வெளியே விரியும். அப்போதுதான் அச்செடி ‘பஞ்சுக்கோரை’ என்னும் பெயருக்கு உரியதாகிறது. ஆகவே சதுப்பு முழுவதும் வெண்மையாகக் காட்சியளிப்பது பூத்த காலம் அன்று, காய்த்த காலம். முற்றிய கனி ஒரே விதையையுடைய சிறு கொட்டை. இழைகளுடன் அது கழன்று காற்றில் மிதந்து செல்லும்.

எது பஞ்சு?

நாம் பஞ்சு என வழங்கும் பொருள்களைத் தாவர அமைப்பின்படி ஒப்பிட்டால் வியப்பான உண்மை வெளிப்படும்.

பருத்திப் பஞ்சு விதையின் மேல்தோலில் தோன்றும் மயிர். ஒவ்வொரு மயிரும் நீண்டு வளர்ந்த ஒரே உயிரணு. இலவம்பஞ்சு கனியின் உட்சுவரில் தோன்றுவது, விதையோடு ஒட்டியிராது. எருக்கம்பஞ்சு விதையின் நுனியில் குஞ்சமாக நிற்பது. குளக்கரைகளில் வளரும் சம்பின் பஞ்சு, சூலகத்தின் காம்பிலிருந்து கிளைக்கும் மயிர். பஞ்சுக்கோரையின் பஞ்சோ பூவுறையின் மாறுபட்ட வடிவம். அதாவது, பிற மலர்களில் இதழ்களாக அமையும் உறுப்பே இங்கு இழைகளாக மாறியுள்ளது என்று தாவர அறிஞர் கொள்வர்.

ஐந்தும் காற்றில் மிதக்கத்தக்கவை. ஆயினும் ஐந்தும் வெவ்வேறு இடத்தில் பிறந்தவை. செடிகளும் வெவ்வேறு வகையின. தொழில் ஒன்றாயினும் பிறப்பு வேறு. நம் நாட்டில் பஞ்சுக்கோரைக்குச் சற்று நெருங்கிய உவமை கூறவேண்டுமானால், சாலையோரத்து வெட்டுக்காயப் பூண்டைக் காட்டலாம். அதன் கனியின் உச்சியிலுள்ள இழைக்குஞ்சமும் பூவுறையின் ஒரு பகுதியான புல்லிவட்டத்தின் மாற்றமே.

பருத்தி இழை உலரும்போது தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அம்முறுக்கினால் இழைகள் ஒன்றையொன்று பற்ற, நூல் நூற்க முடிகிறது. பஞ்சுக்கோரையின் இழைக்கு அத்தகைய முறுக்கு இல்லை. எளிதில் முறியவும் செய்யும். ஆதலால் குளிர்நாட்டு மக்கள் அதனைத் தலையணையில் அடைக்கவும் விளக்குத் திரியாக்கவும் கொண்டார்களேயன்றி, பருத்திக்கு ஈடாக அது நூற்பில் நிலைபெறவில்லை.

கொச்சிக் கோரைகளில் பஞ்சின் உறவு

இனிக் கொச்சியின் நீர்நிலங்களுக்கு வருவோம். கேரளக் கடற்கரைப் பகுதியின் ஆழமற்ற நீரில் எலியோகாரிஸ் டல்சிஸ் என்னும் கோரை வளர்கிறது. குழாய் போன்ற அதன் பசுந்தண்டை விரல்களுக்கிடையே அழுத்தி இழுத்தால், உள்ளே இருக்கும் குறுக்குச் சுவர்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். தண்டின் நுனியில் ஒரே ஒரு சிறுகதிர் நிற்கும். முற்றிய கனியொன்றை எடுத்து உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்தால், அதன் அடியிலிருந்து ஆறு முதல் எட்டு வரையிலான குறு இழைகள் எழுவதைக் காணலாம். அவற்றில் கீழ்நோக்கிய நுண்முட்கள் உள்ளன.

பஞ்சுக்கோரையின் வெண்பட்டு இழையும் எலியோகாரிஸின் முள் இழையும் ஒரே உறுப்பு. அங்கே அது நீண்டு மென்மையாகிக் காற்றில் பறக்க உதவுகிறது. இங்கே குறுகி முள்ளேறி, சேற்றிலும் பறவையின் இறகிலும் பற்றிக்கொள்ள ஏற்றதாய் இருக்கிறது. ஃபுய்ரேனா என்னும் மற்றொரு நீர்நிலக் கோரையில் மூன்று இழைகளோடு மூன்று சிறு செதில்களும் இருப்பதால், இழைகள் பூவுறையைச் சேர்ந்தவை என்பது இன்னும் விளங்கும். சைப்பிரஸ், ஃபிம்பிரிஸ்டைலிஸ் ஆகிய பேரினங்களில் இவ்வுறுப்பு அறவே இல்லை. இவ்வாறு ஒரே குடும்பத்தில் ஓர் உறுப்பு நீண்டும், குறுகியும், மறைந்தும் இருப்பதை மாணவர்க்குக் காட்டலாம்.

மற்றொரு பிழையையும் இங்கே நீக்கிக்கொள்ள வேண்டும். நீலகிரிச் சதுப்புகளிலும் கேரளத்து ஈரநிலங்களிலும் வெண்பொத்தான் போன்ற தலையுடன் நிற்கும் எரியோகாலன் என்னும் சிறுசெடியைப் பஞ்சுக்கோரை என எண்ணிவிடுதல் கூடும். ‘கம்பளித் தண்டு’ என்னும் பொருளுடைய அதன் பெயரும் இம்மயக்கத்திற்கு இடமளிக்கும். அச்செடி கோரைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் தலை நூற்றுக்கணக்கான நுண்மலர்கள் நெருங்கிய கொத்து.

இமயமலையில் பஞ்சிழை தாங்கும் கோரை ஒன்று உண்டு. முன்னர் அது எரியோஃபோரம் கொமோசம் எனப்பட்டது. பின்னர் எரியோஸ்கிர்ப்பஸ் என்னும் தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டது. அது சதுப்பில் வளர்வதன்று. காய்ந்த பாறைச் சரிவுகளில் வளர்வது. பஞ்சைக் கண்டவுடன் சதுப்புச் செடி என்று துணிவதும் தவறு என்பதற்கு இது சான்று.

நீர் தேங்கிய மண்ணில் வாழ்வு

பஞ்சுக்கோரை வாழும் சதுப்பு மழைநீரால் நனைந்து, குளிரால் அழுகுதல் தடைப்பட்டு, புளிப்பேறிய நிலம். அங்கு மடிந்த தாவரங்கள் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிகின்றன. இப்படிவு ‘பீட்’ எனப்படும். உலகின் நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே உள்ள பீட் நிலங்கள், மண்ணிலுள்ள கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சேமித்து வைத்திருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. வட இங்கிலாந்தின் பென்னைன் மேட்டுநிலங்களில் அரிப்புற்று வெறுமையான பீட் மண்ணைக் காக்கப் பஞ்சுக்கோரை நாற்றுகளை நடுகின்றனர்.

நம் நாட்டில் நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளிலும் பீட் படிவுகள் உண்டு. ஆர். சுகுமார் முதலிய அறிவியலார் அவற்றின் கரிம அணுக்களை ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் ஈரமும் வறட்சியும் மாறி வந்த வரலாற்றை 1993-இல் வெளியிட்டனர். அப்படிவைத் தோண்டி அழித்தால் செடிகளோடு இவ்வரலாறும் அழியும்.

கொச்சியைச் சூழ்ந்த நிலம் வேறு வகையினது, வெப்பமானது, கடலேற்றத்தால் உவர்நீர் புகுவது. ஆயினும் இரு நிலங்களுக்கும் பொதுவான துன்பம் ஒன்றுண்டு. நீர் நிறைந்த மண்ணில் பிராணவாயு மிகக் குறைவு. வேர் மூச்சுவிட வேண்டுமாயின் காற்று மேலிருந்து வரவேண்டும். ஆகையால் பஞ்சுக்கோரையிலும், எலியோகாரிஸிலும், நெல்லிலும் தண்டிலிருந்து வேர்வரை காற்றறைகள் நிறைந்த திசு அமைந்துள்ளது. அவ்வழியே காற்று கீழிறங்குவதுபோலவே, சேற்றில் உண்டாகும் மீத்தேன் வாயு மேலேறி வெளிப்படவும் செய்கிறது.

புளிப்பும் இங்கு அரிதன்று. குட்டநாட்டில் ‘கரி’ என வழங்கும் கருநிலத்தில் புதையுண்ட மரத்துண்டுகள் கிடைக்கின்றன, அம்மண் கடும்புளிப்புடையது. கொச்சி வட்டாரத்துப் பொக்காளி வயல்களின் மண்ணோ புளிப்பும் உப்பும் ஒருங்கே கொண்டது.

பொக்காளி வயலும் களையும்

எர்ணாகுளம், திருச்சூர், ஆலப்புழை மாவட்டங்களின் கடற்கரைத் தாழ்நிலங்களில் பொக்காளி நெல் பயிராகிறது. கோடையில் வயலில் மண்மேடுகள் அமைக்கின்றனர். ஜூன் மாத மழை மேட்டின் உப்பைக் கழுவியபின் முளைகட்டிய விதையை அதன்மேல் விதைக்கின்றனர். நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டி, மண்ணோடு நாற்றைச் சுற்றிலும் பரப்புகின்றனர். அறுவடையில் கதிரை மட்டும் கொய்து, தாளை நீரிலேயே விடுகின்றனர். பின்னர் கடலேற்றத்துடன் வரும் இறால் அவ்வயலில் வளர்கிறது. இந்நெல்லைப் பற்றிய ஆராய்ச்சி, கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வைற்றில நிலையத்தில் நடைபெற்று வருகிறது.

இறாலும் நெல்லும் ஒரே நிலத்தில் வாழ்வதால், பொக்காளி வயலில் களைக்கொல்லி தெளிப்பது வழக்கமன்று. கையால் களைதலே முறை. எலியோகாரிஸ், ஃபிம்பிரிஸ்டைலிஸ் போன்ற கோரைகளை இளமையிலேயே இனங்கண்டு, விதை உதிருமுன் அகற்றினால்தான் மறு ஆண்டின் சுமை குறையும். ஃபிம்பிரிஸ்டைலிஸின் ஒரு செடியே மிகப்பல நுண்விதைகளை உதிர்க்கும்.

பிற நெல்வயல்களில் இவ்வறிவு பணத்தையும் காக்கும். சைஹாலோஃபாப் போன்ற சில மருந்துகள் புல்லினக் களைகளை மட்டுமே கொல்லும். கோரையை அவை தொடுவதில்லை. கோரை மண்டிய வயலைப் ‘புல் மண்டியது’ என்று குறித்துக்கொண்டு அம்மருந்தைப் பரிந்துரைத்தால், உழவர் மருந்தின் விலையையும், தெளித்த கூலியையும், களையெடுக்க வேண்டிய நாட்களையும் இழப்பார். பின்னர் அலுவலரின் சொல்லில் அவருக்கு நம்பிக்கையும் குறையும்.

மேட்டு நிலத்தில் சைப்பிரஸ் ரோட்டண்டஸ் எனும் கோரையும் இத்தகையதே. தமிழில் அதன் கிழங்கு முத்தக்காசு என்றும், மலையாளத்தில் முத்தங்கா என்றும் மருந்துக்கு உதவுகிறது. மேலே அறுத்துவிட்டால் அது சாவதில்லை. மண்ணுக்குள் தொடர்சங்கிலி போல உள்ள கிழங்குகளிலிருந்து மீண்டும் முளைக்கும். கிழங்குகளைத் தோண்டியெடுத்துக் கடும்வெயிலில் உலர்த்துவது பயன்தரும். ஈரமண்ணில் உழுது கிழங்குகளைத் துண்டித்துப் பரப்புவது கேட்டை மிகுவிக்கும்.

ஆசிரியர்க்குச் செய்முறை

1. மாணவர்கள் பள்ளியருகிலிருந்து ஒரு புல்லையும் இரண்டு கோரைகளையும் வேருடன் கொண்டுவரட்டும். ஆழ்ந்த நீரில் இறங்க அவர்களை விடலாகாது.

2. தண்டைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை நோட்டில் வரையச் செய்க. முக்கோணமா, வட்டமா, உள்ளீடு உண்டா என்பதைக் குறிக்கச் சொல்க.

3. இலையுறையை நகத்தால் பிரித்துப் பார்க்கச் செய்க. அது பிளந்ததா, மூடிய குழாயா என்பதைத் தாமே காணட்டும்.

4. முற்றிய கனியைக் கறுப்புத் தாளில் வைத்து உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குக. அடியில் இழை உண்டா, இல்லையா என்று பதிவு செய்க.

5. பருத்தி, இலவம், எருக்கு, சம்பு, வெட்டுக்காயப் பூண்டு ஆகியவற்றின் பஞ்சினைத் தனித்தனி அட்டையில் ஒட்டி, அது பிறந்த உறுப்பின் பெயரைக் கீழே எழுதச் செய்க. ஆறாவது அட்டையில் பஞ்சுக்கோரையின் படம் இடம்பெறலாம்.

களப்பணியாளர் செடியைக் குறிக்கும்போது பெயர் தெரியாவிடில் ஊகித்து எழுதாமல், தண்டு, இலையுறை, சிறுகதிர், கனி ஆகிய நான்கின் விவரத்தையும் எழுதி, உலர்த்திய மாதிரியுடன் அனுப்புதல் நன்று. இடம், நாள், நீரின் ஆழம், நீர் உவரா நன்னீரா என்பவற்றையும் சேர்க்க வேண்டும்.

முடிவுரை

மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கொச்சியில் வைத்தியர்களும் எழுத்தர்களும் ஓவியர்களும் கூடி, எளிய கோரையையும் விடாமல் பார்த்து வரைந்து பெயரிட்டனர். அவ்வுழைப்பு அறிவியலின் அடித்தளத்தில் ஒரு கல்லாயிற்று. இன்று வாய்க்கால்கள் தூர்ந்தும் தாழ்நிலங்கள் மண் நிரப்பப்பட்டும் வருவதால், அச்செடிகளின் இருப்பிடம் சுருங்கி வருகிறது. எந்த நிலத்தில் எந்தக் கோரை நின்றது என்னும் பிழையற்ற குறிப்பு, நிலத்தைக் காப்பதற்கும் பயிரைக் காப்பதற்கும் ஒருங்கே உதவும். கொச்சங்காடி மாணவன் பஞ்சுக்கோரையை நேரில் காணாமற்போகலாம். ஆனால் தன் கையிலுள்ள கோரைக் கனியின் அடியில் ஆறு இழைகளை எண்ணிவிட்டானாயின், அப்பஞ்சின் இயல்பை அவன் அறிந்தவனாவான்.

வினாக்கள்

1. கோரையையும் புல்லையும் பிரித்தறிய உதவும் மூன்று குறிகளைக் கூறுக.

2. பருத்திப் பஞ்சுக்கும் பஞ்சுக்கோரையின் பஞ்சுக்கும் பிறப்பில் உள்ள வேறுபாடு யாது?

3. எலியோகாரிஸின் முள் இழையும் பஞ்சுக்கோரையின் மெல்லிழையும் ஒரே உறுப்பு என்பதை எவ்வாறு விளக்குவீர்?

4. நீர் தேங்கிய மண்ணில் வாழும் செடிகளின் வேர் எவ்வாறு காற்றைப் பெறுகிறது?

5. கோரை மண்டிய வயலுக்குப் புல்லினக் களைக்கொல்லியைப் பரிந்துரைத்தால் விளையும் இழப்புகள் யாவை?